பன்னிரண்டு விநாடிச் சாவி

எந்த மென்பொருளையும் நூறு விதமாகச் சோதித்து வெளியே விட்ட பிறகு, நூற்றியோராவது விதமாக அதைக் கெடுப்பது வாடிக்கையாளரின் பிறப்புரிமை. என்னுடையதைக் கெடுத்தது பொள்ளாச்சியில் ஒரு நல்லி எலும்பு.

என் பெயர் பரணிதரன். கோயம்புத்தூரில் ‘துளி’ செய்கிற கம்பெனியில் நிரலாளன். துளி என்பது மிளகு அளவில் ஒரு கருவி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். கணவன் காதில் ஒன்று, மனைவி காதில் ஒன்று. வாயைத் திறக்காமல் மனத்துக்குள் ஒரு வாக்கியத்தைச் சொன்னால் மற்றவர் காதில் அது கேட்கும். மாமியார் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் கேட்கும் என்பதால்தான் அது அப்படி விற்றது. பேசுவது கணவனானாலும் மனைவியானாலும் காதில் விழுவது ஒரே குரல்தான். இரண்டாவது குரல் வைக்க மிளகில் இடமில்லை.

இரண்டு தெரு தூரத்துக்குள் இருக்கும் எல்லாத் துளிகளுக்கும் செய்தி போய்ச் சேரும். ஆனால் பூட்டப்பட்டுப் போகும். சாவி பொருந்துகிற துளி மட்டுமே அதைத் திறந்து காதில் சொல்லும். அந்தச் சாவியைத் தம்பதிக்குள் உண்டாக்கிக் கொடுக்கிற நிரல் தொகுப்பை, எங்கள் பேச்சில் லைப்ரரியை, எழுதியவன் நான். ஒன்பது மாதம் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்.

இனி நல்லி எலும்பு. கறி விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு புது மாப்பிள்ளை தன் பெண்டாட்டியிடம் துளியில், “உங்கக்கா புருசனைப் பாரு, மூணாவது நல்லி” என்று சொல்லியிருக்கிறார். எதிர் வரிசையில் இருந்த அந்த அக்கா புருசனுக்கும் போன வருடம்தான் கல்யாணம். அவர் காதிலும் துளி. அவருக்கும் கேட்டுவிட்டது. நல்லியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் கண் இன்னும் அவர் இலையிலேயே இருந்திருக்கிறது. இலை பறந்தது. மறுநாள் காலை இரண்டு பேரும் தனித்தனிக் காரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, தனித்தனியாக என்னைத் திட்டினார்கள். திட்டிய விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு, இதுவரை விற்ற துளிகள், சாவி உண்டாக்க ஒரு வளைவுக் கோட்டின் மேல் ஊரறியச் சொல்லும் புள்ளிகளை ஒரே படமாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாயிரம் ஜோடி, பதினெட்டாயிரம் புள்ளி. வளைவு முழுக்க இறைந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் திரையில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ஒன்றுதான். அதை விட்டு விலகி, ஓரமாகச் சில நூறு இருந்தன. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

எங்கள் முதலாளி கனகசபாபதி அண்ணன் இருபது வருடம் பம்ப் செட் செய்தவர். எதையும் அவருக்குப் புரிய வைத்துவிடலாம். என்ன, கொஞ்சம் தாவ வேண்டும்.

“சூரியன் அணையற வரைக்கும் முயற்சி பண்ணுனாலும் இந்தப் பூட்டை ஒடைக்க முடியாதுன்னு நீதானப்பா சொன்னே?”

“ஒடைக்கலீங்கண்ணா. எல்லார்த்துகிட்டயும் ஒரே சாவி இருக்குது.”

“அதெப்படி?”

“ஒரு வளைவுக் கோடுன்னு வச்சுக்குங்க. அதுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு எடத்துல நாம ரெண்டு பேரும் நிக்கறோம். நான் மனசுக்குள்ள ஒரு எண்ணை நெனைச்சுக்கிட்டு அத்தனை தாவு தாவறேன். போய் நிக்கற எடத்தை ஊருக்கே சொல்லுவேன். எத்தனை தாவுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். நீங்களும் அதே மாதிரி. அப்புறம் நீங்க நிக்கற எடத்துல இருந்து நான் என் கணக்குக்குத் தாவறேன், நான் நிக்கற எடத்துல இருந்து நீங்க உங்க கணக்குக்குத் தாவறீங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கு வந்து சேருவோம். அந்த எடந்தான் நம்ம சாவி. வேடிக்கை பாக்கறவனுக்கு நாம நின்ன எடந்தான் தெரியும், தாவுன எண்ணிக்கை தெரியாது.”

அவர் கண்ணை மூடி ஒருமுறை தாவிப் பார்த்தார். “சரி. அந்த எண்ணை யாரு நெனைக்கறது?”

“துளிதானுங்க. அதுக்குத் தனியா ஒரு சிப் வெக்கலாம்னு கேட்டேன். மிளகுக்கு மேல பெருசா இருந்தா எந்தப் பொண்ணும் காதுல ஒட்டாதுன்னு சொல்லிட்டீங்க. அதனால பன்னண்டு விநாடி சுத்தியிருக்கற சத்தத்தைக் கேட்டு, அதுல இருந்து எண்ணை எடுத்துக்கற மாதிரி எழுதினேன். பஸ் ஹாரன், ஃபேன் சத்தம், எவனாவது இருமறது. ஒரு எடத்துச் சத்தம் இன்னொரு எடத்துல, பக்கத்து நாற்காலியிலகூட, அப்படியே வராதுல்லீங்க.”

“சோதிச்சியா?”

“நம்ம கேன்டீன்ல, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல, உக்கடம் மீன் மார்க்கெட்டுல. எல்லா எடத்துலயும் அருமையா வேலை செஞ்சுது.”

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ‘மூன்றாம் முடிச்சோடு உங்கள் மனச் சாவி’ என்பது எங்கள் விளம்பரம். அண்ணனின் யோசனை. தாலி கட்டி முடிக்கிற நேரத்தில் மணமகன் துளியை அமுக்குவான். அந்தப் பன்னிரண்டு விநாடி சத்தத்தில் இருந்துதான் சாவி பிறக்கும். அந்தப் பன்னிரண்டு விநாடியில் நம் ஊரில் என்ன சத்தம் இருக்கும்? ஒருவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டி, “கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்பார். தவிலும் நாதஸ்வரமும் மணமேடைக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். ஆய்வுக்கூடத்தில் எவன் தாலி கட்டினான், நான் சோதிக்க?

“சத்தம் பெருசா இருந்தா நல்லதுதானேப்பா? சத்தத்துல இருந்துதானே எடுக்குது?”

“படியில அரிசி அளக்கறப்ப நெறஞ்சு வழிஞ்சா, மேல எத்தனை கொட்டுனாலும் ஒரு படிதானுங்க? மேளத்துல மைக் நெறஞ்சு வழிஞ்சிருக்குது. எல்லாருக்கும் அதே ஒரு படி, அதே எண்.”

ஓரமாகக் கிடந்த சில நூறு புள்ளிகளையும் பார்த்தோம். பதிவு அலுவலகத்தில் மணந்தவர்கள், சர்ச்சில் மணந்தவர்கள், தவில்காரர் வந்து சேராத ஒரு ஈரோட்டுக் கல்யாணம். தும்மல், அபசகுனப் பேச்சு எதுவும் யார் காதிலும் விழக் கூடாது என்றுதான் கெட்டி மேளம் கொட்டுகிறார்கள். அதை ஒழுங்காகக் கொட்டிய எட்டாயிரத்துச் சொச்சம் வீட்டுப் பேச்சும் இப்போது அக்கம்பக்கத்துக் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அண்ணன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, “வெளிய தெரிஞ்சா கம்பெனியை மூடிட்டு மறுபடி பம்புக்கே போயிரலாம்” என்றார். “சத்தமில்லாத எடத்துல சாவி மாத்தற மாதிரி புதுசா எழுது. ஊர் ஊரா ‘இலவச மெருகேற்றல் முகாம்’னு போட்டுரலாம். மொதல் முகாம் உங்க அபார்ட்மென்ட்லயே வச்சுக்கலாம். அங்கதானே நம்ம துளி அதிகம்?”

அதிகம்தான். சரவணம்பட்டியில் எங்கள் குடியிருப்பு புதிது. குடியிருப்பவர்களும் புதுசாகக் கல்யாணமானவர்கள். சாயங்காலத்துக்குள் புது நிரலை எழுதி முடித்துவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் துளியில் கேட்டதை நம்பிப் பினாயில் வாங்கிக்கொண்டு போனேன். “யாரு கேட்டா?” என்றாள் என் மனைவி தமயந்தி. “நீதான்” என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, “ஆமா, மறந்துட்டேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

இன்னொன்று இதைவிட மோசம். ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நின்றுகொண்டு அவளிடம் துளியில் சொன்னேன்: “பயமா இருக்குது. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு நாள் எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்க.” இதுவரை அப்பாவிடம்கூடச் சொல்லாத வாக்கியம் அது. அந்த வாரத்தில் இருந்து குடியிருப்பில் என் மதிப்பு திடீரென்று உயர்ந்தது. ஏ பிளாக்கில் இருந்து பணியாரம் வந்தது. டி பிளாக்கில் இருந்து ஒப்பிட்டு என்கிற போளி. லிஃப்டில் முகம் தெரியாத ஒரு பெண், “தைரியமா இருங்கண்ணா” என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கிப் போனாள். என் திறமை ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்குப் போனபோது தமயந்தி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருப் பள்ளியில் கணக்கு டீச்சர். வெங்காயத்தைக்கூட எண்ணித்தான் உரிப்பாள்.

“தமயந்தி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க மாமா.”

“துளியில நாம பேசறது நமக்கு மட்டுமில்ல. இங்க இருக்கற முப்பத்தொரு ஜோடிக்கும் கேட்டிருக்குது.”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். “முப்பதுங்க. பி பிளாக் ரெண்டாவது மாடிக்காரங்க ரெஜிஸ்டர் கல்யாணம். அவங்களுக்குக் கேக்காது.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“உனக்குத் தெரியுமா?”

“இங்க குடி வந்த ரெண்டாவது வாரமே தெரியும். நீங்க எம்முன்னால உக்காந்து தோசை தின்னுட்டு இருக்கீங்க, காதுல ‘வர லேட்டாகும், சாப்பிட்டுரு’ன்னு வருது. பக்கத்துல விசாரிச்சேன். ஒவ்வொருத்தியா விசாரிச்சு முப்பது பேரும் ஒண்ணாயிட்டோம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க எழுதுனது. தெரியாமயா எழுதியிருப்பீங்கன்னு நெனைச்சேன். அப்புறம், தெரியாமத்தான் எழுதியிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. சொன்னா நொந்து போயிருவீங்கன்னு விட்டுட்டேன்.”

“அந்தப் பினாயில்?”

“சி பிளாக் மேகலா கேட்டது. சாயங்காலமே கொண்டு போய்க் குடுத்துட்டேன்.”

“அப்ப, பால்கனியில நின்னு நான் சொன்னது?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “கேட்டுது மாமா. எல்லாருக்கும்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேலா, என் மேலா, தவில் மேலா என்று தெரியவில்லை. எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினேன். உடம்பெல்லாம் கூசியது. முப்பது வீட்டுக்காரிகள் முன்னால் சட்டையில்லாமல் ஆறு மாதம் நடந்திருக்கிறேன்.

“கேட்டதைக் கேட்ட மாதிரி காட்டிக்கக் கூடாதுங்கிறதுதான் எங்களுக்குள்ள பேச்சு” என்றாள் அவள் மெதுவாக. “சண்டைன்னா துளியைக் கழட்டி வச்சிருவோம். உங்க விசயத்துலதான் யாருக்கும் மனசு கேக்கலை. பணியாரம் சுட்டுட்டாங்க.”

“ஆம்பளைங்க ஒருத்தருக்குமா தெரியலை? அவங்களுக்கும் கேக்குமே!”

“நல்லாக் கேக்கும். எல்லாம் பொண்டாட்டி சொல்றதுன்னு நெனைச்சுக்குவாங்க. பொண்டாட்டி சொல்றதுதானேன்னு விட்டுருவாங்க.”

நான் பினாயில் வாங்கி வந்தவன். அந்த வகையில் முப்பது பேரில் நானே மேல் என்று தோன்றியது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற முகாமைப் பற்றிச் சொன்னேன். சாவி மாறிவிடும், இனிமேல் அவரவர் பேச்சு அவரவருக்கு மட்டும் என்றேன். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப மேகலா பேசுனா?”

“அவ புருசனுக்கு மட்டும் கேக்கும்.”

“அவரு உடுமலையில இருக்காரு மாமா. வாரத்துக்கு ஒருக்கா வர்றாரு.”

மேகலா கதை எனக்குத் தெரியும், தெரியும் என்று நினைத்திருந்தேன். ஏழு மாதக் கர்ப்பத்தோடு குளியலறையில் வழுக்கி விழுந்தாள், உள்ளே தாழ்ப்பாள், நல்லவேளையாக வாட்ச்மேன் சத்தம் கேட்டு ஆட்களைக் கூப்பிட்டார். இதுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

“வாட்ச்மேனுக்கு அஞ்சாவது மாடியில கத்தறது எங்க கேக்கும்? அவ கத்தவே இல்ல, தெம்பு இல்ல. துளியில புருசனைக் கூப்பிட்டா. ரெண்டு தெரு தாண்டுனா கேக்காதுங்கிறது அந்த வலியில அவளுக்கு நெனப்பில்ல. எங்களுக்குக் கேட்டுது. நான் எட்டாங் கிளாஸ்ல இருந்து கையில சாக்பீஸோட ஓடுனேன். கதவை ஒடைச்சது நாங்க பன்னண்டு பேரு. அந்தக் குழந்தைக்கு இன்னிக்கு அஞ்சு மாசம்.” அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். “உங்க பூட்டு சரியா இருந்திருந்தா அந்தக் குழந்தை இல்ல மாமா.”

ஒன்பது மாதம் உழைத்து நான் கட்டிய பூட்டைப் பற்றி இதைவிடக் கடுமையாக யாரும் சொன்னதில்லை.

“இருந்தாலும் தப்பு தப்புதான்” என்றேன். “முப்பது பேரு தன் பொண்டாட்டிகிட்டப் பேசறதை அவங்களுக்குத் தெரியாம மத்தவங்க கேக்கறது நியாயமில்ல.”

அவள் யோசித்தாள். “நியாயமில்லதான். அவங்ககிட்டச் சொல்லிருங்க. வேண்டாங்கிறவங்களுக்குத் தனிச் சாவி போட்டுக் குடுங்க. வேணுங்கிறவங்களை விட்டுருங்க.” பிறகு வெங்காயத் தோலை முறத்தில் இருந்து தட்டியபடி, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்: “புதுசுல, சாவி மாத்தறப்ப மேளம் அடிச்சா என்ன ஆகும்?”

“அதுதான் இந்தத் தடவை சோதனை வச்சிருக்கேனே! சத்தம் வழிஞ்சா எண்ணை எடுக்காது. பழைய சாவியே இருக்கும்” என்று பெருமையாகச் சொன்னேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். வெகு நாளைக்குப் பிறகு என் தொழிலை அவள் பாராட்டியது அன்றுதான்.

சனிக்கிழமை மாலை தமயந்தி விஷயத்தை உடைத்தாள். முகாமை மங்கல இசையோடு தொடங்கலாம் என்று பெண்கள் கேட்டதும் கனகசபாபதி அண்ணன் நெகிழ்ந்துபோய்ச் சம்மதித்துவிட்டாராம். மேளக்காரர்களிடம் பேசியாகிவிட்டதாம்.

“அவங்க உங்க கையைத்தான் பாத்துட்டு இருப்பாங்க மாமா. நீங்க வெரலைத் தூக்குனா அடிப்பாங்க. தூக்கலைன்னா சும்மா இருப்பாங்க. நீங்க எது பண்ணுனாலும் நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். உங்க லைப்ரரி, உங்க முடிவு.”

அன்று எனக்குத் தூக்கம் சரியில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் குடியிருப்பின் சமூகக் கூடம் நிரம்பியது. முப்பது ஜோடி வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் தவிலும் நாதஸ்வரமும். அண்ணன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். என்னை மைக் முன்னால் நிறுத்தினார். நான் அவர் எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. இது மெருகேத்தற முகாம் இல்லீங்க. துளியில ஒரு பிழை இருக்குது. பண்ணுனவன் நான். இத்தனை நாளா நீங்க வீட்டுல துளியில பேசுனதெல்லாம் இங்க இருக்கற மத்தவங்களுக்கும் கேட்டுட்டு இருந்துச்சு. அது வேண்டாங்கிறவங்க எங்கூட வாட்ச்மேன் ரூமுக்கு வந்தா இப்பவே தனிச் சாவி போட்டுத் தர்றேன்.”

அண்ணனின் முகம் வெளுத்தது. கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள் முப்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் பெண்டாட்டி இதையெல்லாம் கேட்டுக்கொள்வாள் என்ற நிம்மதியில் இருந்தார்கள். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. “கேளுங்க” என்றேன்.

“சாப்பாடு எத்தனை மணிக்குங்க?”

அண்ணனின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், ஒருவர் எழுந்தார். டி பிளாக்கில் இருக்கும் வக்கீல். மனைவியைப் பார்த்தார், அவளும் தலையசைத்தாள். இருவரையும் வாட்ச்மேன் அறைக்கு அழைத்துப்போய்ச் சாவி மாற்றிக் கொடுத்தேன். அங்கே மின்விசிறியின் கிறீச் சத்தத்தில் அருமையான ஒரு எண் பிறந்தது. என் லைப்ரரி நன்றாகத்தான் வேலை செய்கிறது.

திரும்பி வந்து தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் துளியை அமுக்குங்க. பன்னண்டு விநாடி யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது.”

கூடம் அடங்கியது. தவில்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். தமயந்தி என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் கை கோத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை முழங்காலில் கிடந்தது. ஒன்று. இரண்டு. இது என் வேலை, என் பிழை, சரி செய்ய வேண்டியது நான். மூன்று. நான்கு.

ஐந்தாவது விநாடியில் துளியில் ஒரு குரல் கேட்டது. எல்லோருக்கும் உள்ள அதே குரல்.

“பயமா இருக்குது.”

நிமிர்ந்து பார்த்தேன். நான்காவது வரிசையில் மேகலா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் உடுமலைக்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளாக இருக்கலாம். லிஃப்டில் வந்த பெண்ணாக இருக்கலாம். போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களில் ஒருவனாகக்கூட இருக்கலாம். எங்கள் துளியில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கூடத்தில் இருபத்தொன்பது பெண்களின் தலை ஒரே நேரத்தில் லேசாகத் திரும்பியதை மட்டும் பார்த்தேன். யாருக்காவது பணியாரம் போகப் போகிறது.

ஒன்பதாவது விநாடியில் என் ஆள்காட்டி விரல் உயர்ந்தது. உயர்த்தியதோடு நிற்காமல் கல்யாண வீட்டு மாமனார் மாதிரி நன்றாக ஆட்டினேன்.

கூடமே அதிர்ந்தது. அண்ணன் மைக்கில் என்னவோ கத்தினார், கேட்கவில்லை. மேகலாவின் குழந்தை அழவில்லை. வாயைப் பிளந்து தவிலைப் பார்த்தது. தமயந்தி இப்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

மேளம் ஓய்ந்ததும் அண்ணன் டேப்லெட் திரையோடு ஓடி வந்தார். வரிசையாகச் சிவப்பு. ‘சத்தம் அதிகம். பழைய சாவி தொடரும்.’

“என்னப்பா இது? ஒண்ணுகூட மாறலையே!”

“நல்ல காரியத்துக்கு மேளம் வேணும்னு நீங்கதானேண்ணா ஆசைப்பட்டீங்க.”

“சரி, மறுபடி எப்ப மாத்தறது?”

“அடுத்த முகூர்த்தத்துல வச்சுக்கலாமுங்க.”

அவர் உடனே போனில் காலண்டரைத் திறந்தார். நான் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது துளியில் குரல் கேட்டது.

“வர்றப்ப பால் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க.”

தமயந்தியா, வேறு யாராவதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்குப் போய் நான்கு பாக்கெட் வாங்கினேன்.